காஸ்லைட் வகையில் பாக்கி

அன்றைக்கு எங்கள் சபைக் கோயில் ஏலத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மேஜைக்குப் பின்னால் ஆராதனை நடத்துகிற உபதேசியார். அவருக்குப் பக்கத்தில் நோட்டும் மைக்கூடுமாகச் சபைக் கணக்கர். முன்பெஞ்சில் கொப்பரை வியாபாரம் செய்கிற அண்ணன். பாறசாலை ஊருக்கும் செங்கல் ஊருக்கும் இடையில் தமிழர் போராட்டம் என்று எங்கே கொடி ஏறினாலும் அதற்குக் கீழே அவர் நிற்பார். அவரோடு சபைக் கமிட்டிக்காரர்கள் நாலு பேர். பின்னால் ஆண்கள் முப்பதுக்குக் குறையாது. பெண்கள் பக்கம் பாயில் பத்தொன்பது பேர், என்னோடு இருபது. வாசல் நிலையைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர். வெளியே படியில், கூடையை இறக்கி வைத்துவிட்டு மீன்காரி அக்கா. கோட்டுகால் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வருகிறவள், மாதா கோயில்காரி, எங்கள் ஏலத்தை வேடிக்கை பார்க்க நின்றாள். மேஜைக்கு அடியில் கால் கட்டிய ஒரு சேவல். இத்தனை பேர் பார்த்திருக்கத்தான் அது நடந்தது. பிறகு ஒருநாள், "அப்படி ஒரு ஏலம் நடந்தது எங்களுக்கு நினைவில்லை" என்று சொன்னார்கள். எனக்கு நினைவு உண்டு. அதனால்தான் தலை எண்ணிச் சொல்கிறேன்.

எங்கள் அறுப்புப் பண்டிகை மாசியில், கும்பப்பூ நெல் அறுத்த பிறகு வரும். விளைந்ததில் முதலானதைக் கொண்டுவந்து கோயிலில் வைப்போம். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, முட்டை, கருப்பட்டி. ஆராதனை முடிந்ததும் ஏலம். வெளியூர்க்காரர் பார்த்தால் இவர்களுக்குக் கிறுக்கு என்று நினைப்பார். ஒன்றரை ரூபாய் பெறாத சேவலை ஒருவர் நாலு ரூபாய்க்கு எடுப்பார். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார், மறுபடி மேஜையில் வைத்துவிடுவார். அது திரும்ப ஏலம் போகும். ஒரே சேவல் ஐந்து தடவை விற்று, ஐந்து பேர் காணிக்கை எழுதி, கடைசியில் உபதேசியார் வீட்டுக் குழம்பில் போய் நிற்கும். கையில் காசு இல்லாவிட்டாலும் கேட்கலாம். கணக்கர் பாக்கி என்று எழுதிக்கொள்வார். அடுத்த பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாக்கிக்காரர்களின் பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள். அந்த வாசிப்புக்குப் பயந்தே பாதிச் சபை கடனை அடைத்தது.

ஏலத்தில் கடைசியாக வருவது கோயிலின் பழைய காஸ்லைட். பெட்ரோமாக்ஸ் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள், நாங்கள் காஸ்லைட் என்போம். ஒவ்வொரு வருஷமும் கொப்பரைக்கார அண்ணன் அதைப் பத்து ரூபாய்க்கு எடுப்பார். எடுத்து, "கர்த்தருக்கே இருக்கட்டும்" என்று திரும்ப வைப்பார். சபை ஸ்தோத்திரம் சொல்லும். விளக்கு கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறைக்குப் போய்விடும். விற்றுக்கொண்டே இருந்தாலும் விலைபோகாத விளக்கு அது.

அந்த வருஷமும் அவர் பத்து என்றார். கணக்கர் பேனாவை நனைத்தார்.

"பத்து ரூவா, ஒரு தரம்."

"பதினொண்ணு" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் சத்தம்தான்.

நான் எப்படிப்பட்டவள் என்று சொல்ல வேண்டும். படுக்கும் முன் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். வீட்டுக்காரர் சந்தைக்குப் போய் அரை மணி பிந்தினால் அவருக்கு என்னென்ன நடந்திருக்கும் என்று வரிசையாக யோசித்து முடித்திருப்பேன். அடுப்பில் ஊதும்போது கூரை பிடித்தால் எதை முதலில் வெளியே எடுப்பது என்று கணக்குப் போடுவேன். அப்படிப்பட்டவள் அன்றைக்கு வாயைத் திறந்தேன். பெண்கள் முட்டைக்கும் கருப்பட்டிக்கும் கேட்பதுண்டு. விளக்குக்குக் கேட்டது கிடையாது.

கொப்பரைக்கார அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனசில்தான் சிரித்தார். சின்னப் பிள்ளை பெரியவர் செருப்பைப் போட்டு நடந்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அவர் பன்னிரண்டு என்றார். நான் பதிமூன்று. அவர் பதினைந்து. கமிட்டிக்காரர்கள் கர்த்தருக்கு நல்ல வரும்படி என்று உற்சாகமாகிவிட்டார்கள். இருபதுக்கு வந்தபோது என் முதுகெல்லாம் வியர்த்து ரவிக்கை ஒட்டியது. வாசலில் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று காட்டினார். நான் இருபத்தொன்று என்றேன். அண்ணன் பெருந்தன்மையாகக் கையை விரித்தார்.

"இருபத்தொண்ணு, மூணு தரம்" என்றார் கணக்கர். "கர்த்தருக்கு இருக்கட்டும்னு சொல்லு பிள்ளே."

நான் எழுந்து போய் நாலு ரூபாயை மேஜையில் வைத்தேன். லேஸ் பின்னி மிஷன் பங்களாவில் கொடுத்துச் சேர்த்த நாலு ரூபாய். பிறகு விளக்கின் வளையத்தைப் பிடித்துத் தூக்கினேன். நினைத்ததைவிடக் கனம்.

"மிச்சத்துக்குப் பாக்கி எழுதுங்கோ மாமா. வெளக்க நான் கொண்டுபோறேன்."

சேவல் கொக்கரித்தது. "கொண்டுபோறதா?" என்று கணக்கர் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் கூரையைப் பார்த்தார். திரும்ப வைப்பதுதான் வழக்கம் என்று எனக்கும் தெரியும். ஆனால் வழக்கத்துக்கு யாரும் விலை சொல்லவில்லை. விளக்குக்கு விலை சொன்னார்கள், நான் கேட்டேன், மூன்று தரம் சொல்லியாயிற்று. படியில் இருந்த மீன்காரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நல்ல கோயிலாக்கும் ஒங்க கோயிலு. வித்தத வாங்கினா முழிக்கிறாங்க" என்றாள்.

விளக்கு எதற்கு என்று வழியெல்லாம் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டு வந்தார். அவருக்குத் தெரியும். என் வாயால் வரட்டும் என்று கேட்டார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், மழை தொடங்கப்போகிற வாரத்தில், கோயிலில் சாயங்கால ஜெபக்கூட்டம். உபதேசியார் நீண்ட ஜெபம் செய்துகொண்டிருந்தார். எனக்குக் கண்ணை மூடினால் கவலைகள்தான் வரிசையாக வரும். அதனால் லேசாகத் திறந்தேன். காஸ்லைட் தொங்கின கம்பியில் ஒரு விட்டில் உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை விரித்த அகலம். கொழுந்து வெற்றிலையின் பச்சை. பின்னால் இரண்டு வால், ஒவ்வொன்றும் என் விரல் நீளம், நுனியில் லேசாக முறுக்கி. ஜெபம் நடந்தவரை அது அசையவில்லை. "ஆமென்" என்ற சத்தத்துக்கு எழும்பி, ஜன்னல் வழியே போயிற்று. எல்லாரும் கண்ணைத் திறந்தபோது கம்பிதான் இருந்தது.

சொன்னேன். யாரும் நம்பவில்லை. நம்பாததுகூடப் பரவாயில்லை. "ஜெபத்துல கண்ணத் தொறந்தா இருந்தே?" என்ற கேள்விதான் வந்தது. அன்றிலிருந்து ஊரில் எனக்கு அது ஒரு பெயராகிவிட்டது. ஆராதனையில் கைகொடுக்கிற சமாதானக் குலுக்கலின்போதுகூட ஒருத்தி, "பச்சை வந்துதா?" என்பாள். வீட்டுக்காரர் கேலி செய்யவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. "வாழையெல காத்துல ஆடிருக்கும் ஏட்டி" என்றார்.

இன்னொரு தடவை அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அரிக்கேன் விளக்குக்கு அது வராது என்று ஒரு வருஷம் முயன்று பார்த்துவிட்டேன்.

வீட்டுக்காரருக்குத் தகரவேலை. எண்ணெய்க்கடைகளுக்குப் புனலும் அளவுபாத்திரமும் செய்வார். காஸ்லைட்டைப் பார்த்ததும் கேள்வியை விட்டுவிட்டு வாஷரைக் கழற்ற ஆரம்பித்தார். விளக்கின் முன்னால் வெள்ளை மல் துணியைக் கட்டித் தொங்கவிட்டோம். விட்டில்கள் வந்து ஒட்டின, ஆனால் விடிவதற்குள் பாதி பறந்துவிட்டன. மறுநாள் மீன்காரி அக்கா அதைக் கேட்டுவிட்டு, "மீன்கூடு கண்டிட்டில்லே நீ?" என்றாள். "வாய் அகலம், உள்ள போகப்போக ஒடுக்கம். மீனு கேறும், எறங்கத் தெரியாது. அது போல ஒண்ணு செய்யச் சொல்லு ஒனக்க மாப்பிளகிட்ட."

அவர் இரண்டு நாளில் செய்தார். இதுவரை அவர் செய்ததிலேயே பெரிய புனல். அதைக் காலித் தேயிலைப் பெட்டியின் மேல் பொருத்தி, அதற்கு மேலே விளக்கைத் தொங்கவிட்டோம். வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றித் தடுமாறுகிற விட்டில் புனலில் வழுக்கிப் பெட்டிக்குள் விழும். உள்ளே வாழைச்சருகைத் திணித்து வைத்தேன், அடிபடாமல் ஒட்டிக்கொள்ளட்டும் என்று. மண்ணெண்ணெய் ரேஷனில் கிடைக்கிற காலம். ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு இரண்டு தடவை என்று அளந்து வைத்தேன். ஏழரைக்கு ஏற்றி ஒன்பதுக்கு அணைத்துவிடுவோம். தொட்டி வெடித்துவிடும் என்று பயந்து ஒரு வாளி மணலை நானே பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

காலையில்தான் வேலை. பெட்டியைத் திறந்து, சருகை ஒவ்வொன்றாக எடுத்து, என்ன இருக்கிறது என்று லேஸ் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவேன். எழுதி முடித்ததும் கோழிக்கு எட்டாத இடமாகப் பார்த்துச் செடிக்குள் விடுவேன். பெயர் யாருக்கும் தெரியாது, நானே வைத்தேன். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கழுத்துப்பட்டை உள்ளதற்கு உபதேசியார். பார்த்தால் காய்ந்த மாவிலை, தொட்டால் உள்ளே மஞ்சள் பாவாடை விரிக்கிறதற்குக் கல்யாணவீட்டுக்காரி. முதுகில் மண்டையோடு போல அடையாளத்தோடு, பிடித்தால் கீச்சென்று கத்துகிற தடியன் ஒருவன் உண்டு. அவனுக்குக் கணக்கர் என்று பெயர். விட்டிலின் பொடி கண்ணில் விழுந்தால் குருடு என்று ஊரில் சொல்வார்கள். முதல் வாரம் முழுக்க ஒரு கண்ணை மூடிக்கொண்டே வேலை செய்தேன். ஒன்று போனாலும் ஒன்று இருக்குமே.

பறவை பார்க்கிற பழக்கம் பெட்டியால் வந்தது. துணியிலும் சுவரிலும் ஒட்டியிருக்கிற விட்டில்களைத் தின்ன விடிகாலையில் குருவிகள் வர ஆரம்பித்தன. முதலில் இரட்டைவால் குருவி. நாலாவது நாளே அதற்கு எங்கள் விளக்கு நாள் தெரிந்துவிட்டது, வெளிச்சம் வரும் முன்பே தென்னை மட்டையில் வந்து காத்திருக்கும். பிறகு வண்ணாத்திக்குருவி. பிறகு தவிட்டுக்குருவிகள், ஏழெட்டு, சந்தைக்குப் போகிற பெண்களைப் போல வளவளத்துக்கொண்டு. நான் அவற்றோடு போட்டி போட்டு எழுந்தேன். அவை தின்றது எதுவென்று சிறகைப் பொறுக்கிக் கணக்கில் சேர்த்தேன். அப்படியே குருவிகளையும் எழுதத் தொடங்கினேன். மாமரத்தடிச் சருகில் தத்தித்தத்தி நடக்கிற ஆறுமணிக்குருவி சித்திரை முதல் வாரத்துக்குப் பிறகு கூவவில்லை. அதை எழுதி, "போய்விட்டது" என்று கீழே கோடு போட்டேன். எங்கே போயிற்று என்று மூன்று நாள் கவலைப்பட்டேன்.

மீன்காரி அக்கா பத்து மணிக்கு வருவாள். அவளிடம் கடல் கணக்கு இருக்கும். கடற்கரையில் ஆலாப்பறவை எந்தப் பக்கம் கூட்டமாக விழுகிறதோ அங்கேதான் வள்ளம் போகும். அதனால் ஆலாவைப் பார்ப்பது அவர்களுக்குத் தொழில்.

"இன்னைக்கு எத்தன ஆலா அக்கா?"

"எண்ணினேனா நான்? ஒரு நூறு உண்டு. மூக்கு மஞ்ச உள்ளது வேற, செவப்பு உள்ளது வேற. ரெண்டும் சண்ட."

"எழுதட்டா?"

"எழுது மக்கா. மீனு மட்டும் கொறவுன்னும் எழுது." திருவிதாங்கூர்க் காசான சக்கரம் போய் ரூபாய் வந்து வருஷங்கள் ஆன பிறகும் சக்கரத்திலேயே விலை சொல்கிறவள், எனக்கு ஆலாக் கணக்கைச் சரியாகச் சொல்வாள். பச்சையைப் பற்றி நான் சொன்னபோது அவள் மட்டும்தான் சிரிக்கவில்லை. "ஒரு தடவ கண்டது உண்டு, பின்ன காணாதது உண்டு. கடல்ல எனக்க அப்பன் அப்பிடி எத்தன கண்டிருக்கு. வரும். வெளக்க அணைக்காத" என்றாள்.

பங்குனியில் மூன்று ரூபாய் கட்டினேன். சித்திரையில் இரண்டரை ரூபாய். நோட்டில் அறுபத்திரண்டு வகை விட்டில், முப்பத்தெட்டு வகைப் பறவை. பச்சை வரவில்லை. அது மழைக்கு முந்தின வாரத்தில்தான் வரும் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். அந்த வாரத்துக்காகவே மண்ணெண்ணெயை ஒரு புட்டியில் தனியாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

வைகாசி பிறந்த கையோடு கொப்பரைக்கார அண்ணன் வந்தார். முற்றத்தில் நின்று பெட்டியையும் புனலையும் சுற்றிப் பார்த்தார்.

"பிள்ளே, வெளக்கு நல்லா எரியுதா?"

"எரியுது அண்ணே."

"வெள்ளிக்கெழம கூட்டம் உண்டு. இந்தப் பக்கமெல்லாம் தமிழ்நாட்டோட சேரணும்னு கேக்குத கூட்டமாக்கும். நல்ல ஆளு வரும். வெளக்கு வேணும்."

"தர முடியாது அண்ணே."

அவர் நான் சொன்னதைக் கேட்காதவர் போல நின்றார். பயந்துகொண்டேதான் நான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

"மழைக்கு இன்னும் ரெண்டு ஆழ்ச, பதினாலு நாளு உண்டு. அந்த ரெண்டு ஆழ்சைக்காக்கும் மூணு மாசமா எண்ண சேத்து வெச்சிருக்கேன்."

"ஊரே தமிழுக்காக அடி வாங்கிட்டுக் கெடக்கு. நீ விட்டில் பாற்றைக்கு எண்ண ஊத்துகே."

"அண்ணே, ஏழாங்கிளாசுக்கு மேல தமிழ்ல படிக்க இங்க எடமில்லாம நின்னுபோனவ நான். தமிழ் என்னத்துக்கு வேணும்னு நீங்க எனக்குச் சொல்லித் தராண்டாம். அது வேற. வெளக்கு வேற."

"கோயில் வெளக்குதானே."

"இருபத்தொண்ணு ரூவாய்க்கு எடுத்தது. நீங்களும் இருந்தீங்க."

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி, சரி" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் காலையில் கணக்கர் இரண்டு ஆட்களோடு வந்தார். கக்கத்தில் நோட்டு. முற்றத்தில் நின்றே அதைப் பிரித்து வாசித்தார்: ஏலத்தொகை இருபத்தொன்று, வரவு ஒன்பதரை, பாக்கி பதினொன்றரை.

"பாக்கி தீருறது வரைக்கும் சாதனம் கோயிலுக்குள்ளதாக்கும். கமிட்டி தீருமானம். கூட்டம் கழிஞ்சு திரும்பத் தாறோம்."

"அப்பிடி ஏலத்துல சொல்லல்லியே மாமா."

"எல்லாத்தையும் சொல்லீட்டா இருப்பாங்க?"

ஆட்கள் விளக்கை இறக்கினார்கள். நான் கத்தியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அது எனக்கு வராது. அவர் பேனாவைக் கேட்டேன். அவர் நோட்டில், என் பெயருக்கு எதிரே, "விளக்கு இன்று கோயிலார் எடுத்துச் சென்றார்கள்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். கணக்கருக்கு முகம் சுருங்கியது. "இது என்னத்துக்கு?" என்றார். "எனக்குப் பயம் கூடுதல் மாமா. எழுதி வெச்சாத்தான் ஒறக்கம் வரும்" என்றேன். அந்த ஒரு வரி அந்தப் பழைய நோட்டில் இப்போதும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் விளக்கோடு கூட்டத்துக்குப் போனார். தமிழுக்காகவா என்று கேட்டால் அதுவும் உண்டு. ஆனால் அவர் சொன்ன காரணம், "பம்ப அவனுக கண்ணுமூக்கு தெரியாம அடிப்பானுக, வாஷர் போவும்" என்பதுதான். நான் வாசலில் உட்கார்ந்து என்னென்ன நடக்கும் என்று வரிசையாக நினைத்தேன். அன்றைக்கு நான் நினைத்ததில் பாதி நடந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு வந்தார். வேட்டி முழங்காலில் கிழிந்திருந்தது. நெற்றியில் வீக்கம். நான் எழுந்து ஓடினேன்.

"ஏட்டி, வந்துது" என்றார்.

"போலீசா?"

"போலீசும் வந்துது. அதையில்ல நான் சொன்னது. ஒனக்க பச்சை."

நான் நின்றுவிட்டேன். அவர் படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்து விரித்துக் காட்டினார். "இந்த அளவு. ரெண்டு வாலு. கொழுந்து வெத்தில நெறம். சத்தியமாட்டு. அண்ணன் பேசிட்டு நிக்காரு, வெளக்கச் சுத்திச் சுத்தி வந்து அவருக்க தோள்த்துண்டுல இருந்துது. அவருக்குத் தெரியல்ல. எல்லாவனும் அவருக்க வாயப் பாத்துட்டு இருக்கானுவ. நான் ஒருத்தனாக்கும் துண்டப் பாத்தது."

"பின்ன?"

"பின்ன என்ன. போலீசு வருகுன்னு ஒருத்தன் விளிச்சான். ஆளு ஓடிச்சு. வெளக்கு விழுந்து, அதுக்க மேல மிதிச்சிட்டு ஓடினானுவ. தொட்டி சப்பளிஞ்சு போச்சு. நான் பூச்சியக் கையால மறைக்கப் போனேன், எவனோ எனக்க நெத்தியில முட்டிட்டான்." சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். "இதாக்கும் கெடச்சுது."

திறந்தேன். உள்ளே ஒரு வால் இருந்தது. என் விரல் நீளம், நுனியில் முறுக்கு. பச்சை விரலில் பொடியாக ஒட்டியது. நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு உலகத்தில் அது ஒன்றுதான் சாட்சி. அதைப் பார்க்க வேண்டியவள் வீட்டு வாசலில் கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நோட்டில் எழுதினேன். பச்சை, வால் இரண்டு, வைகாசி, கூட்டத்து விளக்கில். பார்த்தவர்: வீட்டுக்காரர். நான் பார்த்ததாக எழுதவில்லை. வாலைச் சோற்றுப் பருக்கையால் பக்கத்தில் ஒட்டினேன். பதினோராம் நாள் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. அந்த வாரம் அரிக்கேனை வைத்துப் பார்த்தோம். தேயிலைப் பெட்டியில் உபதேசியார் இரண்டும் கொசுவும்தான் இருந்தன.

மறு வருஷம் மாசியில், பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, கணக்கர் பாக்கி வாசித்தார். குலை வகையில் இன்னார், சேவல் வகையில் இன்னார். பிறகு என் பெயர். "காஸ்லைட் வகையில் ரூபாய் பதினொன்று, அணா எட்டு."

பெயர் வாசித்தால் தலையைக் குனிய வேண்டும். அதுதான் எங்கள் ஊர் முறை. நான் எழுந்து நின்றேன். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நீலம் பாரித்துவிட்டது.

"ஒரு சமுசயம் உண்டு மாமா. பாக்கி தீருறது வரைக்கும் வெளக்கு கோயிலுக்குள்ளதுன்னு சொல்லித்தானே கொண்டுபோனது. அப்போ ஒடஞ்சது கோயிலுக்குள்ள வெளக்கு. கோயிலுக்குள்ள வெளக்கு ஒடஞ்சதுக்கு நான் என்னத்துக்குக் காசு தரணும்? இல்ல, ஒடஞ்சது எனக்க வெளக்குன்னா, எனக்க வெளக்க எடுத்தவங்க எனக்கு வெளக்குத் தரணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ."

"கோயில்ல வெச்சா இந்தப் பேச்சு?" என்றார் கணக்கர்.

"ஏலமும் கோயில்ல வெச்சுத்தானே."

அப்போதுதான் அவர், அப்படி ஒரு ஏலம் நடந்தது யாருக்கும் நினைவில்லை, விளக்கை வருஷாவருஷம் காணிக்கைக்குத்தான் கேட்பது, விற்பது கிடையாது என்றார். விற்காத விளக்குக்குப் பாக்கி எப்படி என்று வாசல் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார். என் கல்யாணத்துக்குப் பிறகு கோயிலில் அவர் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான். பெண்கள் பாயில் யாரோ சிரித்தார்கள். முன்பெஞ்சில் கொப்பரைக்கார அண்ணன் இருந்தார். கூட்டத்துக்காக இரண்டு வாரம் லாக்கப்பில் இருந்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு உடம்பு தேறவே இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அருகில் வந்தார். "பிள்ளே, அந்தப் பதினொன்னரைய நான் அடச்சிருகேன். விடு."

"வேண்டாம் அண்ணே. நீங்க அடச்சா நான் கடங்காரின்னு ஆகும்."

"பின்ன என்ன வேணும் ஒனக்கு?"

"ஒங்க துண்டுல அது இருந்ததுன்னு சபையில சொல்லுங்கோ."

"நான் அதக் காணல்லியே."

"கண்ணத் தொறந்துதானே இருந்தீங்க" என்றேன்.

அவர் தோள்துண்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, "இருந்துது. ஒனக்க மாப்பிள பொய் சொல்லுத ஆளில்ல" என்றார். அதைச் சபையில் சொல்லவில்லை, பூவரச மரத்தடியில் சொன்னார். எனக்கு அது பாதிதான்.

அதற்கப்புறம் மாநில எல்லைக்குக் கோடு கிழித்தார்கள். எங்களுக்குத் தெற்கே விழுந்தது. வீடும் கோயிலும் கணக்கு நோட்டும் கேரளத்தில் நின்றன. கொப்பரைக்கார அண்ணன் மூன்று நாள் கடை திறக்கவில்லை. நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. மீன்காரி அக்கா மட்டும் மறுநாளும் பத்து மணிக்கு வந்து கூடையை இறக்கினாள். "ஆலாவுக்கு யாரும் கோடு சொல்லல்ல போல. இன்னைக்கும் நூறு" என்றாள். எழுதிக்கொண்டேன்.

அணா போய் நயா பைசா வந்த வருஷம், கணக்கர் என் பாக்கியைப் பதினொன்று ரூபாய் ஐம்பது பைசா என்று வாசித்தார். எழுந்து நின்று, எட்டணா என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார். அவருக்குப் பிறகு வந்த கணக்கர் ஒரு நல்ல பையன். பழைய பாக்கிகளை எல்லாம் தள்ளுபடி செய்யக் கமிட்டி முடிவு செய்திருப்பதாக வீட்டுக்கு வந்து சொன்னான். தள்ளுபடி என்றால் நான் பட்ட கடனை அவர்கள் மன்னித்தார்கள் என்று ஆகும். முடியாது என்றேன். மற்றவர்களுக்குச் செய்யுங்கள், என் வரி நிற்கட்டும். எரிகிற ஒரு காஸ்லைட்டைக் கொண்டுவந்து இந்த முற்றத்தில் வையுங்கள், அன்றைக்கே எண்ணித் தருகிறேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

இப்போது சாலையில் கரண்டு விளக்கு இருக்கிறது. மழைக்கு முந்தின வாரம் அதன் கீழே போய் நிற்கிறேன். பாம்பு இருக்குமோ, லாரி வருமோ என்று பயந்துகொண்டுதான் நிற்கிறேன். பச்சை இன்னும் வரவில்லை. பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக்கூட விட்டதில்லை. முன்வரிசையில் போய் உட்காருவேன். பட்டியலில் மிஞ்சியிருப்பது என் ஒரு வரிதான். வாசிக்கும்போது கண்ணைத் திறந்தே வைத்திருப்பேன்.

காஸ்லைட் வகையில் ரூபாய் பதினொன்று, அணா எட்டு.